வளைந்த முதுகுக்காரி

ஆண்களை எல்லாம் எண்ணிப் பைகளில் கட்டி
ரப்பர் வளையம் போட்டு
தெர்மோகோல் பெட்டியில் அடுக்கிக்கொண்டு
மார்ச் மாதம் போனாய், லுபோமிர்.
பம்ப் உன்னுடையது, விளக்கு உன்னுடையது,
நான் வாங்கிய வெப்பமானியும்
எப்படியோ உன்னுடையதாகியிருந்தது.

விட்டுப்போனது இது:
விளிம்பில் விரிசல் விட்ட இருபது லிட்டர் தொட்டி.
ஒரு பிடி பாசி.
பாசிக்குள் முதுகு வளைந்த கப்பி ஒன்று,
சாம்பல் நிறம், வாலில் ஒன்றுமே கிடையாது.
கழிசல் என்று ஒதுக்கியிருந்தாய்.
கழிப்பறையில் கொட்டிவிடச் சொன்னாய்;
அன்றைக்கு எனக்கு இரவுப் பணி, மறந்துவிட்டேன்.

கருணை என்று நினைத்துவிடாதே.
மறதிதான்.

போருபாவில் இந்த ஆண்டு ஏப்ரலிலும் பனி.
கடைசி டிராமைப் பணிமனையில் விட்டுவிட்டு
ஏழு மாடி ஏறுவேன், லிஃப்ட் பழுது.
கையுறையைக் கழற்றுமுன்
ஹீட்டர் குழாயோரம் தள்ளி வைத்த தொட்டியை எட்டிப் பார்ப்பேன்,
செத்திருப்பாள் என்று.
இல்லை. கண்ணாடியோடு ஒட்டி நின்று
வாயைத் திறந்து திறந்து மூடுவாள்,
டிக்கெட் எடுக்காமல் ஏறியவள்
சாக்குச் சொல்வதுபோல.

மே முதல் வாரம் வயிறு சதுரமானது.
வாலடியில் கறுப்பு.
உற்றுப் பார்த்தால் கறுப்பு அல்ல, கண்கள்.
ஆணே இல்லாத வீட்டில்.

நீ எப்போதோ சொன்னது அப்போதுதான் நினைவு வந்தது,
சூப் குடித்தபடி, என்னைப் பார்க்காமல்:
ஒருமுறை சேர்ந்தால் போதும்,
உள்ளே சேமித்து வைத்துக்கொள்ளும்,
மாதத்துக்கு ஒன்றாக ஐந்தாறு ஈற்று ஈனும்,
அப்பன் செத்தே போனாலும்.
நமக்குப் பிள்ளை இல்லை என்பதும்
அந்த மேசையில் உட்கார்ந்து
நம்மோடு சூப் குடித்தது.

ஞாயிறு காலை ஈன்றாள்.
சுருட்டிய டிக்கெட் மாதிரி ஒன்று விழும்,
கூழாங்கல்லைத் தொடுமுன் விரியும்,
விரிந்ததும் ஓடும்.
ஓடத்தான் வேண்டும்:
பெற்றவளே திரும்பி வந்து விழுங்குகிறாள்.
ஏப்ரலில் ஈன்றிருந்தால் எல்லாவற்றையும் தின்றிருப்பாள்,
யார் கண்டது.
பாசியைப் பிய்த்துப் பிய்த்துப் பரப்பினேன்,
ஸ்பூனால் மறித்தேன், திட்டினேன்.
பிறகு தோன்றியது, பசிதானே.
நானும்தான் எதுவும் தின்றிருக்கவில்லை.

பதினொன்று தப்பின. அல்லது பன்னிரண்டு.
வண்டியில் கண்ணாடி வழியே தலைகளை எண்ணிப் பழகியவள் நான்,
இவற்றை எண்ண முடியவில்லை;
முடிப்பதற்குள் ஒன்று மற்றொன்றாகிவிடும்.
வேகவைத்த மஞ்சள்கருவை
பழைய நைலான் காலுறையில் கட்டிப் பிழிந்தேன்.
தண்ணீர் கெட்டது, இரண்டு செத்தன.
சம்பளத்துக்கு முந்தைய வாரம், கடனில், இறால் முட்டை வாங்கினேன்.
உப்புநீர் பாட்டிலில்
ஆரஞ்சுப் புகையாக எழுந்து வந்தன.

ஆறாம் வாரம்
ஒருவனின் அடித்துடுப்பு கூர்ந்து குச்சியானது.
அவன் வாலில், விளக்கைப் போட்டதும்,
உன் நீலம்.
பிராக்கில் உனக்கு வெள்ளிக் கோப்பை வாங்கித் தந்த அதே நீலம்,
ஓரத்தில் கருங்கோடு.
முதலில் வந்தது கோபம்:
என் வீட்டில், என் மின்சாரத்தில்
உன் கையெழுத்து.
அப்புறம் விளக்கை அணைக்கவில்லை.

ஜூன், ஜூலை. ஆகஸ்டில் நான்கே குஞ்சுகள்.
செப்டம்பரில் ஒருநாள் பக்கவாட்டில் சாய்ந்தாள்.
ஜெரேனியச் சட்டியில் புதைத்தேன்.
அதைப்பற்றி இதற்குமேல்
உன்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.

நேற்று ஃபோன் செய்தாய்.
ஓலோமோட்ஸில் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல்
மேலெல்லாம் தூசு படிந்ததுபோல் நோய் வந்து
எல்லாம் போயிற்றாம். பதினாறு வருட வம்சம்.
குரல் கம்மியிருந்தது.
என் பெயரைக்கூட ஒருதடவை சொன்னாய்.
அங்கே எதுவும், தற்செயலாக, என்று இழுத்தாய்.

தற்செயலாக நாற்பத்து மூன்று, லுபோமிர்.
மூன்று தொட்டி.
விரிசலுக்கு நானே சிலிக்கான் வைத்தேன்.

ஏழு மாடி. லிஃப்ட் இன்னும் பழுது.
பை கொண்டு வா.
ஆண் கேட்காதே, நீலம் கேட்காதே.
சாம்பல் நிறத்தில் ஒருத்தியைத் தருவேன்,
முதுகு சற்று வளைந்தவள்.
ஒருத்தி போதும்,
நீதானே சொன்னாய்.